விறைப்பு நேரத்தில் பாடம், விடிந்தபின் ஓட்டம்

காலையில் என் கொப்பியில் முதலில் எழுதுவது கிலோமீற்றர் கணக்கு அல்ல. "விறைப்பு 35" என்று எழுதுவேன். கண் விழித்த நேரத்திலிருந்து வலது கையை முழுதாகப் பொத்திப் பிடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்பதுதான் அந்த 35. ஓடுகிறவர்கள் வேகம், தூரம், இதயத் துடிப்பு என்று பல இலக்கங்களைக் குறித்து வைப்பார்கள். நானும் குறிக்கிறேன், ஆனால் அன்றைக்கு வெளியே போவதா, போனால் ஓடுவதா நடப்பதா என்பதை இந்த ஒரு இலக்கம்தான் சொல்கிறது.

எனக்கு 26 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறேன். கணக்கியல் தொழிற்பரீட்சைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. 21 வயதிலிருந்து முடக்குவாதம் இருக்கிறது.

தொடக்கம் 2020 கடைசியில். வகுப்பெல்லாம் ஒன்லைனில் நடந்த காலம். விரல்களின் நடு மூட்டுகள் வீங்கின. மவுஸ் பிடித்துப் பிடித்து வந்தது என்று நினைத்தேன். அம்மா இரவில் சித்தாலேபத் தைலம் பூசிவிட்டார். பக்கத்து வீட்டு மாமி இது சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார். இரண்டு கையிலும் ஒரே விரல்கள், ஒரே மாதிரி வீங்கியதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். ஒருநாள் காலையில் குளியலறைக் குழாயைத் திறக்க முடியாமல் தம்பியைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் டொக்டரிடம் போனோம்.

இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து துண்டில் 'முடக்குவாதம்' என்று எழுதியதைப் பார்த்ததும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். அவருக்கு அது பக்கவாதம் மாதிரி, கை கால் இழுத்துக்கொண்டு படுத்த படுக்கையாக்கும் ஏதோ ஒன்று. நம்மிடம் இந்தச் சிக்கல் இருக்கிறது. மூளையில் இரத்தம் அடைபட்டு வருவதும் வாதம், அம்மம்மாவின் முழங்கால் தேய்ந்ததும் வாதம், எனக்கு வந்ததும் வாதம். அம்மம்மாவுக்கு வயதோடு குருத்தெலும்பு தேய்ந்தது. எனக்கு உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அதனால் மூட்டு மட்டுமில்லை, ஆளே களைத்துப் போவார். தேய்மானம் உள்ளவருக்குக் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும். எனக்கு அப்போது இரண்டு மணித்தியாலம் போகும். ஓடலாமா என்று கேட்பவர்கள் முதலில் தங்களுக்கு இருப்பது எந்த வாதம் என்று டொக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடை நல்லதுதான், ஆனால் எச்சரிக்கைகள் வேறு.

நான் விளையாட்டுக்காரி இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி என்றால் கூடாரத்துக்குள் இருந்து கைதட்டுகிற ஆள். என்னை நடக்க வைத்தது 2022 ஆம் ஆண்டு.

அந்த ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். காலி வீதியில் வாகனங்களை விட வரிசையில் நின்றவை அதிகம். வகுப்பு பம்பலப்பிட்டியில். எப்போதாவது ஒரு 100 ஆம் இலக்க பஸ் வந்தால் மிதிபலகை வரை ஆட்கள். மற்றவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்கள். என் விரல்களால் கம்பியைப் பிடிக்க ஏலாது. ஓட்டோவுக்குக் கேட்ட காசு எங்கள் வீட்டுக் கணக்கில் இல்லை. சரி, நடப்போம் என்று வெளிக்கிட்டேன். போக இரண்டரை கிலோமீற்றர், வர இரண்டரை. முதல் நாள் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து பேனாவை எடுத்தபோது விரல்கள் வழக்கத்தை விட நன்றாக மடங்கின. தற்செயல் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் கிழமையும் அப்படியே இருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பெற்றோல் வந்தாலும் நடக்கிறதை விட்டிடாதீங்கோ" என்றார். ஓடினால் மூட்டு கெட்டுப்போகாதா என்று கேட்டேன். முழங்காலையும் இடுப்பையும் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். ஏன் அப்படி என்பது பிறகு வாசித்தபோது புரிந்தது. நெதர்லாந்தில் ஏறக்குறைய 300 முடக்குவாத நோயாளிகளை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்திய ஓர் ஆய்வு 2003 இல் வெளியானது. அதில் பாதிப் பேர் கிழமைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 75 நிமிடம், நன்றாக வியர்க்கும் அளவு பயிற்சி செய்தார்கள். செய்தவர்களின் உடல் இயக்கம் முன்னேறியது, பெரும்பாலானவர்களுக்கு மூட்டுச் சேதம் கூடவில்லை. ஆனால் பெரிய மூட்டுகள் ஏற்கெனவே நன்றாகச் சேதப்பட்டிருந்தவர்கள் விடயத்தில் கவனம் வேண்டும் என்றும் அதே ஆய்வு சொன்னது. என் முழங்கால்கள் அப்போது தப்பியிருந்தன, நோய் தன் வேலையைக் கைகளிலும் பாதங்களிலும்தான் காட்டியிருந்தது. அதனால்தான் எனக்கு அனுமதி. உங்களுடைய எக்ஸ்ரே வேறு கதை சொல்லலாம்.

2023 ஜனவரியில் ஓடத் தொடங்கினேன். தொடங்கிய விதம் முழுப் பிழை. போனில் இருந்த ஓர் ஒன்பது கிழமைத் திட்டத்தை எடுத்து வரிக்கு வரி செய்தேன். மூன்றாம் கிழமை இடது முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. அந்தத் திட்டத்தில் இந்தக் கிழமை உடம்பு போன கிழமையை விடக் கொஞ்சம் பலமாக இருக்கும் என்பது எழுதாத விதி. என் உடம்பு அப்படிப் படியேறுவது இல்லை. இரண்டு படி ஏறும், ஒருநாள் காரணமே இல்லாமல் நாலு படி இறங்கி நிற்கும்.

கடலோரமாகப் போகும் மரைன் டிரைவ் வீதியில் தினமும் காலையில் நடக்கிற ஒரு பெரியவர் இருந்தார், தெஹிவளைப் பக்கம் வீடு. முழங்கால் தேய்மானம், ஆனாலும் விடமாட்டார். வீக்கம் இறங்கி நான் திரும்பவும் ஓட வந்த நாள், மூச்சு வாங்க அவரைக் கடந்து போனேன். கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டேன். அவர் தன் பாட்டில் வந்து சேர்ந்தார்.

"மகள், ஓடும்போது கதைக்க ஏலுமா உங்களுக்கு?"

"இல்லை, மூச்சு முட்டுது."

"அப்ப அது ஓட்டம் இல்லை மகள். பஸ்ஸுக்கு ஓடுற மாதிரி. கதைக்க ஏலுமான வேகத்துல போங்க. ஏலாட்டி நடங்க. யாரும் பார்க்கல்ல."

அவர் பயிற்சியாளர் ஒன்றும் இல்லை, புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். ஆனால் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் எல்லாரும் சொல்கிற விடயத்தைத்தான் அவரும் சொன்னார். தாங்குதிறனை வளர்ப்பது மெதுவான ஓட்டம்தான். அடுத்த நாளிலிருந்து ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அந்த ஒரு நிமிட ஓட்டமும் பக்கத்தில் நடப்பவரைக் கடக்கச் சிரமப்படும் வேகம். வெட்கமாகத்தான் இருந்தது. நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கிற இடத்துக்கு வர எட்டு மாதம் எடுத்தது. இன்றும் அந்த ஒரு நிமிட நடையை விடவில்லை, நன்றாக இருக்கிற நாளிலும்.

அவரே கண்டுபிடித்துச் சொன்ன இன்னொரு விடயம் வீதியின் சரிவு. மழைநீர் வடிய வீதிகளின் ஓரம் சற்றுச் சாய்ந்திருக்கும். நான் எப்போதும் கடல் பக்க ஓரத்தில் ஒரே திசையில் ஓடிவிட்டு, உள் ஒழுங்கைகளால் நடந்து வீட்டுக்கு வருவேன். ஒரு கால் எப்போதும் மேட்டில், மற்றக் கால் பள்ளத்தில். அதே ஓரத்தால் திரும்பியும் ஓடி வந்தால் சாய்வு மாறிவிடும், அவ்வளவுதான் பரிகாரம். இப்போது முடிந்தவரை மட்டமான நடைபாதை, கிழமையில் ஒருநாள் சுதந்திர சதுக்கம் அல்லது விகாரமகாதேவி பூங்கா. முழங்கால் இதை உடனே கவனித்தது.

இனி உண்மையான தலையிடிக்கு வருகிறேன். இந்த ஊரில் ஓடுவதென்றால் விடியற்காலைதான். ஆண்டு முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் உதிக்கும், ஏழரைக்கே வெயில் முதுகில் ஏறிவிடும், காற்றில் ஈரம் எப்போதும் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் வழியும். ஆனால் என் மூட்டுகள் மிக மோசமாக இருப்பதும் விடியற்காலையில்தான். வெயிலின் கணக்குப்படி 5.30, மூட்டின் கணக்குப்படி 8.00. மாலையில் ஓடிப் பார்த்தேன். மூட்டுக்குச் சுகம், ஆனால் மரைன் டிரைவ் முழுக்க வாகனம், அதோடு மாலைதான் எனக்கு வகுப்பு.

விடை கிடைத்தது ஓட்டத்திலிருந்து இல்லை, படிப்பிலிருந்து. எனக்குப் பாடமாக்க வேண்டியவை நிறைய. கணக்கியல் நியமங்கள், வரிச்சட்டம், கணக்காய்வுக் கோட்பாடு. உட்கார்ந்து படித்தால் முக்கால் மணித்தியாலத்தில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இறுகிவிடும். அதனால் பாடங்களை என் குரலிலேயே போனில் பதிவு செய்யத் தொடங்கினேன், ஒவ்வொன்றும் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம். இப்போது 4.20க்கு எழும்புகிறேன். முதலில் ஒரு சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதற்குள் பத்து நிமிடம் இரண்டு கைகளும். அந்த நேரத்திலேயே முதல் பதிவு ஓடத் தொடங்கிவிடும். பிறகு வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள நீண்ட நடைவழியில் வெறும் நடை, மெதுவாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. காதில் வரிச்சட்டம். கேள்வியைப் பதிவு செய்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, பதிலைப் பதிவு செய்திருப்பேன். அந்த இடைவெளியில் நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேல்மாடி ஐயா ஒருநாள் இறங்கி வந்து, பிள்ளை யாரோடு சண்டை பிடிக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார்.

5.30 ஆகும்போது விறைப்பு பெருமளவு போயிருக்கும், மூன்று பதிவுகளும் முடிந்திருக்கும், வெளியே வெளிச்சம் வரப்போகும். முன்பு கட்டிலில் கிடந்து அழுத நேரம் அது. இப்போது கிழமைக்கு நாலைந்து மணித்தியாலப் படிப்பு அதற்குள் முடிகிறது. ஓடும்போது காதில் எதையும் போடுவதில்லை. மரைன் டிரைவில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்க வேண்டும், தனியே ஓடும் பெண்ணுக்கு இது இரண்டு மடங்கு உண்மை.

அப்புறம் மருந்தின் நாட்காட்டி. நான் எடுப்பது மெதோட்ரெக்சேட், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து, கிழமைக்கு ஒரேயொரு நாள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், தினமும் எடுக்கும் குளிசை என்று தவறாக எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அசிட் வேறொரு நாள். மெதோட்ரெக்சேட் எடுத்த மறுநாள் எனக்கு வயிற்றைப் புரட்டும், தலை பஞ்சு மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் வெள்ளி இரவு எடுத்தேன். சனி, ஞாயிறு நாள் முழுக்க வகுப்பு. சனிக்கிழமை வகுப்பில் நான் இருந்தேன் என்பதற்கு வருகைப் பதிவேடுதான் சாட்சி. டொக்டரிடம் கேட்டுத்தான் ஞாயிறு இரவுக்கு மாற்றினேன், நானாக மாற்றவில்லை. அதனால் திங்கள் ஓட்டம் இல்லை, கடினமான பாடமும் இல்லை, கொப்பி எடுத்து எழுதுவது, பதிவு செய்வது மாதிரியான வேலைகள். செவ்வாய் அரை மணித்தியாலம் ஓட்ட நடை. புதன் கால்களுக்கான பயிற்சி. வியாழன் நீண்ட தூரம். உலகத்தில் பாதிப் பேர் ஞாயிறு காலையில் நீண்ட தூரம் ஓடுகிறார்கள், என் ஞாயிறு வியாழனில் வருகிறது.

தூரத்தைக் கூட்டுவதற்கு எனக்கு இரண்டு பிடிமானங்கள். ஓடி முடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் ஓடுவதற்கு முன் இருந்ததை விட வலி கூடவே இருந்தால் அது அளவுக்கு மிஞ்சியது. மறுநாள் காலை விறைப்பு வழக்கத்தை விட இருபது நிமிடம் கூடினாலும் அப்படித்தான். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த தடவை மூன்றில் ஒரு பங்கு குறைப்பேன். இரண்டும் இல்லாமல் இரண்டு கிழமை போனால் வியாழனில் மட்டும் ஒரு கிலோமீற்றர் கூடும். தொடைத் தசை நோவது வேறு, மூட்டு சூடாகி வீங்குவது வேறு. முதலாவது வந்தால் ஓடுவேன். இரண்டாவது என்றால் துவாயில் சுற்றிய ஐஸ் கால் மணித்தியாலம், அன்றைக்குச் சப்பாத்து இல்லை.

இவ்வளவு கணக்குப் பார்க்கிற நான் 2024 இல் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். ஜூலைப் பரீட்சைக்கு ஆறு கிழமை இருந்தது. உடம்பு நன்றாக இருந்தது, விறைப்பு 15, 20 என்று கொப்பியில் வரிசையாக நிற்கிறது, பத்துக் கிலோமீற்றர் வந்துவிட்டது. திங்கட்கிழமைகள்தான் வீணாகின்றன என்று தோன்றியது. ஒரு ஞாயிறு மருந்தை விட்டேன். திங்கள் தலை தெளிவாக இருந்தது, பத்து மணித்தியாலம் படித்தேன். அடுத்த ஞாயிறும் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இந்த மருந்தின் சங்கடம் அதுதான். எடுக்கத் தொடங்கினால் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை வரை ஆகும். நிறுத்தினாலும் உடனே தெரியாது. எனக்கு அந்த மௌனம் நான் குணமாகிவிட்டேன் என்று கேட்டது.

ஐந்தாம் கிழமை விறைப்பு 50. அடுத்த நாள் 90. பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது நடைவழியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கச் சுவரைப் பிடித்தேன். பாதத்தின் முன்பக்கம் கூழாங்கல்லில் மிதிப்பது மாதிரி. அம்மா சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். முதல் இரண்டு வினாத்தாள்களை எப்படியோ எழுதினேன். மூன்றாவதில் ஒன்றரை மணித்தியாலத்தில் பேனா விரலை விட்டு நழுவியது, எடுத்தேன், மறுபடி நழுவியது. விடை தெரியும், கை வரவில்லை. அந்தத் தாளில் சித்தியடையவில்லை.

பரீட்சைக்கு முதல் கிழமை மேலதிக நேரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசையில் இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "கை முறிஞ்சிருந்தா பிளாஸ்டர் போட்டிருப்பாங்களே" என்றார். கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் கடைசிக் கிழமையில் போய் நின்றது என் பிழை. உடம்பு நல்லாயிருக்கும் காலத்திலேயே கிளினிக்கில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள், நோயின் பெயர், எழுதும் கையின் நிலை, எவ்வளவு மேலதிக நேரம் தேவை என்று தெளிவாக. பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதே சேர்த்துக் கொடுங்கள். அடுத்த முறை அப்படிக் கொடுத்தேன், கிடைத்தது. பேனாவுக்குத் தம்பி சைக்கிள் கைப்பிடியின் ஸ்பொன்ஜை வெட்டிச் சுற்றிக் கொடுத்தான். தடித்த பேனாவைப் பிடிக்க விரல் கொஞ்சமாக மடங்கினால் போதும்.

மருந்தைத் திரும்பத் தொடங்கி, உடம்பு பழைய இடத்துக்கு வர ஏறத்தாழ மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. பதினைந்து நிமிட நடை, பிறகு இருபது. குறுகிய காலத்துக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும் தந்தார்கள், அதையும் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைத்தேன், சட்டென்று நிறுத்தக் கூடாத மருந்து அது. திங்கட்கிழமை குமட்டலைப் பற்றி டொக்டரிடம் வாயைத் திறந்து சொன்னது அதற்குப் பிறகுதான். அவர் ஃபோலிக் அசிட்டைக் கூட்டினார், பாதிக் குமட்டல் போய்விட்டது. ஒரு வாக்கியம் முதலே சொல்லியிருந்தால் போதும். மாதவிடாய், கர்ப்பம் பற்றியும் கூச்சப்படாமல் கதையுங்கள், தங்கைகளே. மெதோட்ரெக்சேட் எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. இதைக் கலியாணம் பேசும் வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள்.

வலிக்குளிசை விடயம் ஒன்று. நீண்ட ஓட்டத்துக்கு முன் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் எனக்குச் சில மாதம் இருந்தது. வலி தெரியாததால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தமாட்டோம். அதை விடப் பெரிய ஆபத்து, வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது இந்த வகை மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கொழும்பில் இன்னொன்றும் உண்டு, டெங்கு. காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தால் நம் மாதிரி ஆட்களின் கை தானாக வலிக்குளிசைக்குப் போகும், மூட்டு நோய் என்று நினைத்து. டெங்கு இல்லை என்று தெரியும்வரை டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தப்போக்கை உண்டாக்கலாம். பரசிட்டமோல் அளவோடு, இரத்தப் பரிசோதனை, ஓட்டத்துக்கு விடுமுறை. எங்கள் மருந்து நோயெதிர்ப்பை அடக்குவது என்பதால் சாதாரணக் காய்ச்சலுக்கே கிளினிக்கில் கேட்டு நடக்க வேண்டும்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுவதானால் ஜீவனி என்ற உப்பு, சர்க்கரைத் தூள் பக்கெற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, அதில் அரைப் போத்தல் எடுத்துப் போகிறேன். முடிந்ததும் செவ்விளநீர், காசிருந்தால்.

2023 கடைசியில் கிழமைக் கணக்காக ஒரு களைப்பு இருந்தது. படி ஏறினால் மூச்சு, புத்தகத்தைத் திறந்தால் தூக்கம். ஓட்டத்தைக் குறைத்தேன், களைப்பு குறையவில்லை. ஓட்டம் கூடாது என்ற தன் வழக்கை அம்மா வென்றுவிட்டதாகவே நினைத்தார். இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 9.6, இரும்புச்சத்தும் குறைவு. இந்த நோயோடு இரத்தசோகை வருவது சாதாரணம் என்றார்கள், ஆனால் என் விடயத்தில் இன்னொரு பங்காளியும் இருந்தது, சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ. தேயிலை உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். யாழ்ப்பாணத்து வீட்டில் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பது மரதனை விடக் கடினம். தள்ளி வைத்தேன், டொக்டர் தந்த இரும்புக் குளிசையும் எடுத்தேன். இரண்டு மாதத்தில் படி ஏற முடிந்தது. களைப்பு என்றால் ஓட்டத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முதல் இரத்தத்தைப் பாருங்கள்.

சாப்பாட்டுப் பத்தியம் பற்றி ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள். கத்தரிக்காய் வாதம், தக்காளி வாயு, அன்னாசி கூடாது. ஒரு மாதம் கத்தரிக்காயை விட்டுப் பார்த்து, கொப்பியில் விறைப்பைப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அன்றிரவே கத்தரிக்காய்க் குழம்பு.

சப்பாத்தில் செலவழித்தது வீண் போகவில்லை. விரல் பக்கம் அகலமானது, வழக்கமான அளவை விட அரை அளவு பெரிது. கடையில் மாலையில் போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும், கால் வீங்கியிருக்கும் நேரம் அதுதான். நாடாவைக் கழற்றிவிட்டு, புறக்கோட்டையில் தையல் சாமான் விற்கும் கடையில் வாங்கிய வட்ட இலாஸ்டிக்கைக் கோத்து முடிந்துவிட்டேன். இனி முடிச்சுப் போடவே தேவையில்லை, காலை நுழைத்தால் சரி. சில நூறு ரூபாய்ச் செலவு, ஒவ்வொரு காலையும் ஐந்து நிமிட அவமானம் மிச்சம்.

புதன்கிழமைப் பயிற்சி மிகச் சாதாரணம். கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி உட்காருவது பத்து, மூன்று தடவை. சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். முழங்காலைச் சுற்றியுள்ள தசை பலமாக இருந்தால் மூட்டுக்குப் பாரம் குறைகிறது. இதைச் செய்யாமல் விட்ட மாதங்களில்தான் படி இறங்கக் கைப்பிடி தேடினேன்.

நீந்தலாமே என்று பலர் கேட்கிறார்கள். நல்லதுதான், மூட்டில் பாரமே விழாது. ஆனால் வெள்ளவத்தைக் கடல் நீந்தத் தோதான கடல் இல்லை, நீச்சல் தடாகத்துக்கு மாதக் கட்டணம் வேண்டும். சைக்கிளில் பிரேக் பிடிக்க மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. எனக்கு வாய்த்தது வீதிதான்.

இப்போது வியாழன்களில் வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவால் கொள்ளுப்பிட்டி, அங்கிருந்து காலிமுகத்திடல் போய் அதே வழியால் திரும்புகிறேன். ஆகக் கூடியது 14 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடத்துக்கும் மேல். அந்த நேரத்தில் இசோ வடைக்காரர்கள், அதாவது இறால் வடை விற்பவர்கள், யாரும் வந்திருக்கமாட்டார்கள் என்பது ஒரு குறை. விட்ட தாளையும் இதற்கிடையில் எழுதிச் சித்தியடைந்துவிட்டேன், இன்னும் நாலு தாள் இருக்கிறது. தெஹிவளைப் பெரியவர் முன்பு மாதிரி ஒவ்வொரு நாளும் வருவதில்லை. வரும் நாளில் முதல் கிலோமீற்றரை அவரோடு நடக்கிறேன்.

அம்மா ஆரம்பத்தில் வாசலில் நின்று, "கால் வீங்கிக் கிடக்குது, விடியக் காலமை எங்க பிள்ளை வெளிக்கிடுறாய்?" என்று கேட்பார். இப்போது கேட்பது வேறு. நடைவழியில் என் குரல் கேட்டதும் குசினியிலிருந்து, "இண்டைக்கு எத்தினை?" என்பார். முப்பது என்றால் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வைப்பார். ஐம்பது என்றால் ஒன்றும் பேசாமல் என் சப்பாத்தை எடுத்துத் தம்பியின் அறை அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார். அந்த நாட்களில் கையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க எனக்கு ஏலாது என்று அவருக்குத் தெரியும்.